ஞாயிறு வாசிப்பு: புறநானூறு 279

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு ஒக்கூர் மாசாத்தியார் பாட்டைப் படிக்கிறோம். நம்மில் பலர் பள்ளியில் வீரத்தாய் பாட்டு என்று மனப்பாடம் செய்ததுதான், ஆனாலும் இன்னொரு தடவை மெதுவாகப் படித்துவிட்டு வாருங்கள்.

முந்தைய போரில் அந்தத் தாயின் பிறந்த வீட்டைச் சேர்ந்த ஒருவன் ஒரு யானையை வீழ்த்திவிட்டுக் களத்திலேயே போய்ச் சேர்ந்தான். நேற்று ஆநிரைச் சண்டையில் கணவன். இன்று மறுபடி பறை கேட்கிறது, மிச்சம் இருப்பது ஒரே மகன். அவனுக்கு வெள்ளை உடுத்தி, பறட்டையாகக் கிடக்கும் குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். அம்மா எண்ணெய் தடவிவிடுகிற வயசுப் பையன்!

மறக்குடிப் பெண்ணின் துணிவு என்று உரைகள் புகழ்கின்றன, சரி, துறையும் (பாட்டின் பொருள் வகை) மறக்குடிப் பெண்களின் வீரத்தைச் சொல்லும் மூதின்முல்லைதான். ஆனால் போர் ஒரு வீட்டை எப்படிக் காலி செய்கிறது என்பதை இத்தனை சில வரிகளில் வேறெங்கும் நான் படித்ததில்லை. புலவரே ‘கெடுக சிந்தை’ (இவள் எண்ணம் கெடட்டும்) என்று பதறித்தானே ஆரம்பிக்கிறார்?

அப்புறம், நேரம் இருந்தால் பாரி மகளிரின் 112ஐயும் எடுப்போம். வர முடியாதவர்கள் குரல் பதிவாக வாசித்து சனிக்கிழமைக்குள் இங்கேயே போட்டுவிடுங்கள்.