பார்த்ததற்கும் கூலி கேளுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் திருவையாறு பக்கம் வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றுகிற பிக்கப் வண்டிக்காரன். வண்டி பழசாக வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. முன்பக்கம் ஒரே அச்சு, இரண்டு புறமும் ஸ்பிரிங் பட்டை. நம்ம பக்கம் ஓடுகிற பழைய சரக்கு வண்டிகளில் நிறைய இந்த மாதிரிதான். உங்களில் நான்கு பேர் அதன் முன்பக்கத்தைப் பிரித்துச் சேர்த்திருக்கிறீர்கள். யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. சண்டைக்கும் வரவில்லை. ஒரு கோரிக்கை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். விடியற்காலை நாலரை மணிக்கு தஞ்சாவூர் மண்டபம் ஒன்றுக்குக் கிளம்பினேன். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குப் பழைய சாலையில் போனால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 12, 13 கிலோமீட்டருக்குள் ஐந்து பாலம். நம்மூர் வண்டல் மண்ணில் போட்ட சாலை அமுங்கும், தூண் மேல் நிற்கிற பாலம் அமுங்காது. அதனால் பாலத்தில் ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி. வெண்ணாற்றுப் பாலம் இறங்கியபோது வேகம் அறுபதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். டம் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டீயரிங் கையில் இல்லை.

இல்லை என்றால், கையில்தான் இருந்தது, ஆனால் அது என் பேச்சைக் கேட்கவில்லை. இடமும் வலமுமாக வெட்டி வெட்டி இழுத்தது. போனட் மூடி கண் முன்னால் ஆடுகிறது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் கழன்று என் மச்சான் மடியில் விழுந்தார். எதிரே வந்த பால் வண்டிக்காரர் சாலையை விட்டே இறங்கிவிட்டார். நான் செய்த ஒரே நல்ல காரியம் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தது. அதுவும் புத்தியால் இல்லை, பயத்தில் கால் தானாக வந்துவிட்டது. இருபதுக்கு இறங்கியதும் டக்கென்று நின்றது. ஒன்றுமே நடக்காதது போல வண்டி நேராகப் போகிறது. கட்டை விரலை ஸ்டீயரிங் கம்பிக்குள் விட்டுப் பிடித்திருந்தேன், அது ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

நீங்கள் இதை வாபிளிங் என்பீர்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி ஒரே அச்சு வைத்த பெரிய பிக்கப்களிலும் ஜீப்களிலும் வருவதற்கு டெத் வாபிள் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். சாவு ஆட்டம். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஒர்க்‌ஷாப்பில் வீல் பேலன்சிங், அலைன்மெண்ட். நான்கு நாள் கழித்து அதே பாலத்தில் அதே ஆட்டம். இரண்டாவது இடத்தில் முன் சக்கரம் இரண்டையும் சேர்க்கிற கம்பியின் முனை மூட்டு, அதாவது டை ராடு எண்ட், இரண்டையும் மாற்றினார்கள். கழற்றிய பழசைக் கேட்டேன், குப்பையில் போயிற்று என்றார்கள். மறுபடி அலைன்மெண்ட். மூன்றாவது இடத்தில் முன் டயர் இரண்டும் புதுசு. நான்காவது இடத்தில் ஸ்டீயரிங் டேம்பர். டேம்பர் போட்டதும் ஆட்டம் நின்றது, நானும் பூசணிக்காய் உடைத்தேன். மூன்று வாரம். அப்புறம் குடமுருட்டிப் பாலத்தில், முன்னைவிட மோசமாக. டயரையும் சேர்த்து அதுவரை போன பணம் 19,400 ரூபாய்.

டேம்பர் என்பது பல் வலிக்குக் கிராம்பு வைக்கிற வேலை. ஷாக் அப்சார்பரைப் படுக்க வைத்த மாதிரி ஒன்று, ஆட்டத்தை உள்ளே இருக்கும் எண்ணெயால் அமுக்குகிறது. ஓட்டை எங்கேயோ அங்கேயே இருக்கிறது, பெரிதாகிக்கொண்டும் இருக்கிறது. இதை நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் போட்டீர்களே!

எனக்கு ஒரு சித்தப்பா உண்டு. அரசு பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனோடு வெளியூரில் இருக்கிறார். போன் போட்டேன். அவர் வண்டி என்ன வண்டி என்றுகூடக் கேட்கவில்லை.

"பிரேக் புடிச்சா வருதா?"

"இல்ல சித்தப்பா."

"மேடு பள்ளம் இல்லாம, சும்மா ஒரு வேகத்துல வந்தாலே வருதா?"

"இல்ல. ஏதாவது இடியில விழுந்தாத்தான் வருது. வந்தா வண்டி ஸ்லோ ஆகுற வரைக்கும் விடாது."

"அப்ப டயரை ஏன்டா மாத்துன?"

அந்த முதல் இரண்டு கேள்வியை உங்கள் நான்கு இடத்திலும் யாரும் கேட்கவில்லை அண்ணே. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிரம்மையோ டிஸ்க்கையோ பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மெல்ல ஆரம்பித்து, அதைத் தாண்டினால் குறைகிற நடுக்கம் பெரும்பாலும் டயர், ரிம், பேலன்சிங். இடியில் கிளம்பி, தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு, வேகம் குறைந்தால்தான் அடங்கும் என்றால், முன் அச்சிலோ ஸ்டீயரிங் இணைப்பிலோ எங்கேயோ ப்ளே, அதாவது தளர்ச்சி, இருக்கிறது. பேலன்ஸ் இல்லாத சக்கரம் அதைக் கிளப்பிவிடலாம், ஆனால் இணைப்பெல்லாம் இறுக்கமாக இருந்தால் அது இவ்வளவு பெரிய ஆட்டமாக வளராது.

முன் சக்கரம் இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி மாடு. பூட்டாங்கயிறு தளர்ந்தால் ஒன்று இழுக்க மற்றொன்று முரண்டும், அது இழுக்க இது முரண்டும். நெல்மணி அளவு இடைவெளி போதும். மூன்று இடத்தில் ஒவ்வொரு நெல்மணி என்றால் முடிந்தது கதை.

சித்தப்பா சொன்னபடி மறுநாள் காலையில் களத்தில் வண்டியை நிறுத்தினேன். ஜாக்கி போடவில்லை. வண்டியின் பாரம் சக்கரத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் ப்ளே தெரியும் என்றார். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், பவர் ஸ்டீயரிங் என்பதால் எஞ்சினை ஓட விட்டேன். என் மனைவியை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். அவள் அதுவரை அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. "திருப்ப வேணாம், முறத்துல புடைக்கிற மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிக்கிட்டே இரு" என்றேன். நான் உரச் சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தேன்.

படுத்து ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். முதல் பத்து நிமிஷம் எல்லாமே ஆடுகிற மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்தேன். பாதி விரல் இந்தப் பக்கத்தில், பாதி விரல் அந்தப் பக்கத்தில். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் நல்லது. ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால் அங்கேதான் சங்கதி. டை ராடு எண்ட் புதுசு, கல் மாதிரி இருந்தது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸோடு இறுக்கமாகவே நின்றது. அடுத்து டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கிற ராடு. பாக்ஸிலிருந்து வருகிற கை நகர்கிறது, ராடு ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே இருக்கும் உருண்டை 'டிக்' என்று மேலே ஏறி இறங்குவது விரலில் தெரிந்தது. கழற்றாமல், ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல்.

அதே படுக்கையில் இன்னொன்றும் பார்த்தேன். இடது ரிம்மின் உட்பக்கம் களிமண் அப்பி, காய்ந்து, அடை மாதிரி ஒட்டியிருந்தது. வாழைக்கொல்லைக்குள் வண்டியை விட்டு ஏற்றுகிறவன் நான். பேலன்சிங் செய்த அன்று அது இருந்ததா, அப்புறம் சேர்ந்ததா, தெரியாது. ஆனால் அதன் பிறகு மூன்று ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறீர்கள்.

பிறகுதான் ஜாக்கி. இடது சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். கடகடவென்றது. வீல் பேரிங்கா, இல்லை சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற ஆணியான கிங் பின்னா? இதற்கு சித்தப்பா சொன்ன வழிக்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கலாம்: உள்ளே ஒரு ஆளை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். மனைவி மிதித்தாள். நிற்கவில்லை.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பப் போய், இதையும் இதையும் மாற்றுங்கள் என்று சொன்னேன். அந்த அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் கிங் பின் செட், லேத்தில் கொடுத்து புஷ்ஷுக்கு ரீமர், புது டிராக் லிங்க், யு போல்ட் நட்டெல்லாம் இறுக்கம், ரிம் கழுவிப் பேலன்சிங். கடைசியாக அலைன்மெண்ட். அது கடைசியில்தான் வர வேண்டும். ப்ளே இருக்கிற வண்டியில் எடுத்த அளவு, வண்டி நகர்ந்ததும் மாறிவிடும். எனக்கு இரண்டு முறை முதலிலேயே செய்து காசு வாங்கினீர்கள்.

சரி, இதுவரை உங்கள் குறை. இப்போது எங்கள் குறை.

ஒன்றே கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் நாங்கள் இரண்டு டன் ஏற்றுகிறோம். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டையை எண்ணிக்கை இல்லாமல் அடுக்குகிறோம். அதற்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டச் சொல்வதும் நாங்கள்தான். கூட்டினால் வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, முன் சக்கரத்தின் காஸ்டர், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிற அளவு, குறைகிறது, வண்டி நேராக ஓடுகிற குணம் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிவிட்டு, கிரீஸ் அடிக்க வருவதில்லை. வந்தாலும் கிங் பின் நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை, கிரீஸ் வெளியே வழிந்தால் திருப்தியாகப் போய்விடுகிறோம். சக்கரத்தைத் தூக்கி வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று. வண்டியை விட்டுவிட்டு, "அண்ணே, மத்தியானத்துக்குள்ள வேணும், லோடு இருக்கு" என்போம். அரை மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மாத்த வேணாம், மண்ணைக் கழுவுனா போதும், 300 ரூபாய் குடு" என்று நீங்கள் சொன்னால், எங்களில் எத்தனை பேர் கொடுப்போம்? "சும்மா பாத்ததுக்கா?" என்போம். பார்ப்பதற்குக் காசு இல்லை, மாற்றினால்தான் காசு என்று வைத்தது நாங்கள். அப்புறம் நீங்கள் மாற்றாமல் என்ன செய்வீர்கள்? டேம்பர் போட்ட அந்தத் தம்பிக்கு அன்றைக்குக் கூலி வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் கோரிக்கை இது. பார்ப்பதற்குத் தனியாகக் கூலி வாங்குங்கள். வெளியே போர்டே எழுதி வையுங்கள், 300 என்றாலும் சரி, 500 என்றாலும் சரி. ஆனால் வாங்கினால், வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒரு பையனை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, அடியில் படுத்துப் பாருங்கள். வண்டிக்காரனையும் பக்கத்தில் படுக்கச் சொல்லி, ப்ளே எங்கே என்று அவன் விரலை அங்கே வைத்துக் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தை அவன் கையில் கொடுங்கள். அலைன்மெண்ட் மெஷின் வைத்திருப்பவர்கள் காஸ்டர் எவ்வளவு என்று காட்டுகிற அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, அதை மட்டும் சரி செய்துவிட்டு எல்லாம் ஓகே என்று அனுப்பாதீர்கள். வாபிளிங் என்று வருகிறவனுக்கு, சரியாகும் வரை நாற்பதைத் தாண்டாதே, வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு காலை எடு, கட்டை விரலை உள்ளே விடாதே என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்போது வண்டி எழுபதில் வெண்ணாற்றுப் பாலம் இறங்குகிறது, ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரத்திலிருந்து வலது பக்கம் திருப்பும்போது மட்டும் ஒரு சின்னக் கடக் சத்தம். பட்டை புஷ்ஷாக இருக்கும் என்று நினைக்கிறேன், சித்தப்பா இல்லை என்கிறார். பொங்கல் லோடுக்கு முன்னால் உங்களில் ஒருவரிடம் வருவேன். பார்க்கிற கூலி 300 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். படுக்கச் சாக்கும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திருவையாறு வாழைத்தார் வண்டிக்காரன்