ரைன் கரையிலிருந்து பெரியப்பாவுக்கு

மைன்ஸ்-காஸ்டல்
ஞாயிறு மாலை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பெரியம்மா சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா?

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நீ இருக்கிற பக்கம்தானே அந்தக் காட்டுமிராண்டிக் கூட்டம் ஆற்றைத் தாண்டி வந்து ரோமாபுரியை அழித்தது?" என்று கேட்டீர்கள். ஆமாம், இந்தப் பக்கம்தான். ஆனால் தினமும் இரண்டு தடவை அதே ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போய்வருகிற எனக்கு அந்தக் 'காட்டுமிராண்டி' என்ற சொல் இப்போது வாயில் வருவதில்லை. ஏன் என்று போனில் சொல்லி முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடு ஜெர்மனியின் ரைன் ஆற்றுக்குக் கிழக்கே, காஸ்டலில். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் மேற்குக் கரையில், மைன்ஸில். நடுவில் பாலம், குளிர் அதிகம் இல்லாத நாளில் நடந்தே போய்விடுவேன். காஸ்டல் என்றாலே கோட்டைதான், லத்தீனிலிருந்து வந்த பெயர். மைன்ஸின் அந்தக் காலப் பெயர் மொகொன்டியாகும், ரோமப் படையின் பெரிய பாளையம். அதற்கு எதிர்க்கரையில் பாலத்தைக் காக்க வைத்த கோட்டைதான் எங்கள் ஊர். முன்பெல்லாம் ரோமானியர்களின் எல்லை இன்னும் கிழக்கே உள்ளே தள்ளி இருந்தது, ஏறக்குறைய 550 கிலோமீட்டருக்கு வேலியும் சுவரும் காவல்கோபுரமுமாக. 260 வாக்கில் அதைக் கைவிட்டுப் பின்னால் வந்துவிட்டார்கள். அலமான்னிகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் தாக்கியது ஒரு காரணம். ரோமத் தளபதிகளே ஆளாளுக்கு நான்தான் பேரரசன் என்று கிளம்பி, எல்லையில் நின்ற வீரர்களைத் தங்கள் சொந்தச் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனது அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் இந்த ஆறுதான் எல்லை.

இந்த இடத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இங்கிருந்து தெற்கே நொய்போட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே ரைனின் பழைய படுகையில் சரளைக்கல் அள்ளும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன, மொத்தம் 700 கிலோவுக்கு மேல். மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பகுதியில் கொள்ளையடித்துவிட்டு ஆற்றைத் தாண்டித் திரும்பியவர்கள் தண்ணீரில் பறிகொடுத்தவை. ஸ்பையர் அருங்காட்சியகத்துக்கு லீவு நாளில் போய்ப் பார்த்தேன், தங்கமாகக் குவித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு. கொஞ்சம் வெள்ளித் தட்டு இருந்தது. மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை அண்டா, குண்டான், வடிகட்டி, கரண்டி, அடுப்புக்கு மேல் கொப்பரையைத் தொங்கவிடும் சங்கிலி, வண்டிக்கான இரும்புச் சாமான், வயல் வேலைக்கான கருவிகள். குடும்பம் நடத்துகிறவர்கள் எதை எடுப்பார்களோ அதை எடுத்திருக்கிறார்கள். கொள்ளை கொள்ளைதான், நான் அதற்கு நியாயம் சொல்லவில்லை. அந்த அண்டாவைத் தினமும் தேய்த்துக் கவிழ்த்து வைத்தவள் யாரோ ஒருத்தி, அவளுக்கு என்ன ஆனதோ என்று அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். மைன்ஸிலேயும் 368-இல் ராண்டோ என்ற அலமான்னித் தலைவன், கிறிஸ்தவத் திருவிழா நாளில் காவல் படை இல்லாத சமயம் பார்த்து உள்ளே நுழைந்து, ஆணும் பெண்ணுமாக ஆட்களையும் வீட்டுச் சாமான்களையும் அள்ளிக்கொண்டு போனான்.

சரி, அந்தப் பக்கத்துக் கதையை மட்டும் சொன்னால் போதாது. எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் வீஸ்பாடன், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன இடம். அங்கே பக்கத்தில்தான் மக்ரியானுஸ் என்ற அலமான்னி அரசன் இருந்தான். அவனை உயிரோடு தூக்கிவர வேண்டும் என்று பேரரசர் முதலாம் வாலன்டினியன் 370-களின் தொடக்கத்தில் சத்தமில்லாமல் ஆற்றைத் தாண்டினார். படைவீரர்களோ, கண்டிப்பான உத்தரவு இருந்தும், வழியெல்லாம் தீ வைத்துக் கொள்ளையடித்தார்கள். அந்தக் கூச்சலில் அரசனின் ஆட்கள் விழித்துக்கொண்டு அவனை ஒரு வண்டியில் ஏற்றி மலை இடுக்குக்குள் கொண்டு போய்விட்டார்கள். இதை எழுதி வைத்த அம்மியானுஸ் மார்செல்லினுஸ் ரோமப் படையிலேயே இருந்தவர். தன் பக்கத்துத் தவறையும் விடாமல் எழுதியிருக்கிறார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

374-இல் அதே இருவரும் சமாதானம் பேசினார்கள், மைன்ஸுக்குப் பக்கத்தில், இந்த ஆற்றில். கிழக்குக் கரையில், அதாவது என் கரையில், மக்ரியானுஸ் நிமிர்ந்து நிற்க, அவன் ஆட்கள் கேடயங்களைத் தட்டிப் பெரும் ஓசை எழுப்பினார்கள். பேரரசர் கொடிகள் சூழப் படகில் வந்தார். கடைசியில் யார் யாரைப் பார்க்க வந்தது, பாருங்கள்! ரோமின் இன்னொரு எல்லையான டான்யூப் ஆற்றுப் பக்கம் பிரச்சினை முற்றியிருந்ததால் ரைனில் அவருக்கு அமைதி அவசரமாகத் தேவைப்பட்டது. அன்று செய்த சத்தியத்தை மக்ரியானுஸ் சாகும்வரை காப்பாற்றினான் என்று அம்மியானுஸே சொல்கிறார். 1981-இல் இங்கே ஒரு ஹோட்டலுக்குத் தோண்டும்போது ஐந்து ரோமப் படகுகள் சேற்றுக்குள் கிடைத்தன, அதே நூற்றாண்டின் கடைசிக் காலத்தவை. ஒன்றை முழு அளவில் திரும்பச் செய்து வைத்திருக்கிறார்கள், ஒல்லியாக, நீளமாக, முப்பது பேர் துடுப்புப் போடும் ரோந்துப் படகு. பார்க்கும் போதெல்லாம் அந்தச் சமாதான நாள்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று, இந்த எல்லையில் ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருந்தார்கள். வாடோமார் என்ற அலமான்னி அரசன் பிற்பாடு ரோமின் தளபதியாகி பினீசியாவில் (இப்போதைய லெபனான் பக்கம்) படை நடத்தினான். ஃப்ராவோமார் என்பவன் ரோமப் படை அதிகாரியாக பிரிட்டனுக்குப் போனான். 357-இல் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே, பின்னால் பேரரசரான ஜூலியன் அலமான்னிகளை முறியடித்த பெரிய போர் இருக்கிறதே, அதில் எதிரணியின் வலப்பக்கத்தை நடத்தியவன் பெயர் செராப்பியோ. அகெனாரிக் என்றுதான் முதலில் பெயர். அவன் அப்பா ரோமானியரிடம் பிணைக்கைதியாகக் கால் நாட்டில் (இப்போதைய பிரான்ஸ் பக்கம்) நெடுநாள் இருந்தபோது கிரேக்கர்களின் ரகசிய வழிபாட்டுச் சடங்குகளில் ஈடுபாடு கொண்டு மகன் பெயரை மாற்றிவிட்டார். இங்கே வேலையிடத்தில் என் பெயரை யாராலும் முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு எழுத்தில் கூப்பிடுகிறார்கள், நானும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். அதனாலோ என்னவோ இந்தச் செராப்பியோ மனதில் ஒட்டிக்கொண்டான். பிசுலா என்று ஒரு சிறுமியும் இருக்கிறாள். போரில் பிடிபட்டு, போர்க்கொள்ளையில் ஒரு பங்காகக் கவிஞர் அவுசோனியுஸின் வீட்டுக்கு வந்தவள். அவர் விடுதலை கொடுத்து வளர்த்தார், பழக்கவழக்கத்தில் லத்தீன்காரியாகிவிட்டாள், ஆனாலும் நீலக் கண்ணும் பொன்னிற முடியும் அவள் ஊரைக் காட்டுகின்றன என்று பாட்டும் எழுதினார். அவள் தன் வீட்டுக்கு எழுதியதாக ஒரு வரிகூட இல்லை.

எனக்குக் கோபம் வருவது டான்யூப் கதையில்தான். 376-இல் ஹூணர்களுக்குப் பயந்து கோத் என்ற ஜெர்மானிய இன மக்கள் டான்யூப் ஆற்றங்கரைக்கு வந்து, உள்ளே விடுங்கள், உங்கள் படையில் சேர்கிறோம் என்று கெஞ்சினார்கள். கிழக்குப் பகுதியை ஆண்ட பேரரசர் வாலன்ஸ் அனுமதித்தார். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டிய லூப்பிசினுஸ், மாக்ஸிமுஸ் என்ற இரண்டு அதிகாரிகள் பட்டினியைப் பயன்படுத்தி வியாபாரம் செய்தார்கள்: ஒரு நாய் கொடுத்தால் பதிலுக்கு ஓர் அடிமை. தலைவர்களின் பிள்ளைகள்கூட அப்படிப் போனார்கள். எனக்குக் குடியிருப்பு அட்டை நான்கு மாதமாக வரவில்லை என்பதற்கே ராத்திரி தூக்கம் கெடுகிறது, பிள்ளையைக் கொடுத்து நாய்க்கறி வாங்கியவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்? இரண்டே வருடம். 378 ஆகஸ்ட் 9, அட்ரியானோப்பிளில் கோத்களோடு நடந்த போரில் வாலன்ஸ் செத்தார், அவர் படையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் பெரியப்பா, அழிவு அந்தச் சோற்றுப் பங்கீட்டில் தொடங்கியது.

நீங்கள் கேட்ட ரைன் சம்பவம் அதற்கு இருபத்தெட்டு வருடம் கழித்து. 406 டிசம்பர் 31-இல் வேண்டல், ஆலன், சுவேபி என்ற மூன்று இனத்தவர் ஆற்றைத் தாண்டினார்கள், மைன்ஸ் பக்கமாக என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எல்லைப் படையில் ஒரு பகுதியை இத்தாலியைக் காக்க ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருந்தார் தளபதி ஸ்டிலிக்கோ, அவருடைய அப்பாவே வேண்டல் இனத்தவர். வந்தவர்களை எதிர்த்து நின்றவர்கள் ரோமோடு உறவு வைத்திருந்த ஃபிராங்குகள், அவர்களும் ஜெர்மானியர்தான். மைன்ஸ் வீழ்ந்தது, தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகத் துறவி ஜெரோம் எழுதினார். ஆறு உறைந்திருந்தது, பனிக்கட்டி மேல் நடந்து வந்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலத்தவர் யாரும் அப்படி எழுதவில்லை, பின்னால் வந்தவர்களின் ஊகம் அது.

இங்கே டிசம்பர் 31 இரவு பாலம் நிறைய ஜனம், இரண்டு கரையிலும் வாணவேடிக்கை. நான் அன்று நைட் டியூட்டி. வெடிச் சத்தம் பிடிக்காத ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சுக் கொடுக்க, இந்த 406 கதையைச் சொன்னேன். அவர் 1945 குளிர்காலத்தில் ஆறு வயதில், அப்போதைய ஜெர்மனியின் கிழக்குக் கோடியான கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து உறைந்த காயல் மேல் அம்மாவோடு நடந்து வந்தவராம். பின்னால் ரஷ்யப் படை. "உன் கதையில் அவர்களோடு குழந்தைகள் வந்தார்களா?" என்று கேட்டார். வந்திருப்பார்கள் பாட்டி, குடும்பம் குடும்பமாகத்தான் வந்தார்கள் என்றேன். அப்புறம் பனிக்கட்டி காலுக்கடியில் எப்படிச் சத்தம் போடும் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா, ஒரு வேலை செய்யுங்கள். அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று ஒரு தேய்ந்த செப்புக்காசு வைத்திருக்கிறீர்களே, சின்ன வயதில் என்னைத் தொடவே விடமாட்டீர்கள். அதைப் போன்ற பிற்கால ரோமக் காசுகள் நம் கரூரில் நிறையக் கிடைத்திருக்கின்றன. அதன் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வாலன்டினியன் காலத்துக் காசில் பேரரசர் ஒரு கையில் கொடி பிடித்து, மறு கையால் ஒருவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். சுற்றிலும் 'ரோமானியரின் பெருமை' என்று லத்தீனில் எழுதியிருக்கும். உங்களுடையதும் அதுதானா என்று தெரியவேண்டும். அப்படி இருந்தால், கீழே இருப்பவனின் முகம் இன்னும் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பியிடம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்