"வீட்டு நம்பர் சொல்லுங்க தம்பி"

தொண்டிப் பக்கத்துக் கரையில் அன்று நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

பாய் கட்டிய சறுக்குப் பலகையில் போய்க் கடலில் மாட்டிக்கொண்ட என்னை, மீன்பிடி வல்லத்தில் ஏற்றிக் கரை சேர்த்த கதை உங்களுக்குத் தெரியும். காரைக்குடி வரை தெரிந்துவிட்டது. திரும்பச் சொல்லப் போவதில்லை. நல்லபடியாக வீட்டில் இருக்கிறேன். வலது உள்ளங்கையில் தோல் இன்னும் சேரவில்லை, அதனால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் தட்டுகிறேன்.

முதல் நன்றி, கழிமுகத்து மேட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வல்லத்திலிருந்து என்னை இறக்கியதும் ஆளுக்கொன்று கேட்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று. அவர் மட்டும் தன் போனோடு வந்து உட்கார்ந்தார். "வீட்டு நம்பர் சொல்லுங்க தம்பி. நமக்கு முந்தி வேற யாராச்சும் சொல்லிப்புடுவாங்க" என்றார்.

என் போன் தண்ணீருக்குள் போயிருந்தது. பள்ளிக்கூட நாளில் மனப்பாடம் செய்த வீட்டு லேண்ட்லைன் எண் ஒன்றுதான் நினைவில் நின்றது. விரல் நடுங்கி அழுத்த வரவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். அவர் கட்டைவிரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது, போன் கண்ணாடியிலும் இரண்டு. முந்தானையால் என் காதைத் துடைத்துவிட்டு, போனை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஆத்தா எடுத்ததும் எனக்குக் குரல் எழும்பவில்லை. "ஆத்தா" என்ற ஒரு சொல்தான். அப்புறம் அக்காவே பேசினார். "ஆச்சி, பதறாதீங்க. பிள்ளை எங்க வீட்டுத் திண்ணையில, என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. சூடா ஏதாச்சும் குடுத்து அனுப்புறோம்."

பத்து நிமிடம் கழித்து, ஆள் இன்னும் கிடைக்கவில்லையாமே என்று யாரோ வீட்டுக்கு போன் செய்திருக்கிறார்கள். "என் மகன் இப்பத்தான் பேசினான்" என்று ஆத்தாவால் சொல்ல முடிந்தது. ஆறு வருடத்துக்கு முன் அப்பச்சி, என் அப்பா, தவறிய செய்தி இப்படி யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் ஆத்தாவுக்கு வந்தது. அந்த அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலே செய்தார்.

வலையைப் பாதியில் விட்டுவிட்டு வல்லத்தைத் திருப்பிய நான்கு அண்ணன்மார், பாயையும் பலகையையும் சேற்றில் சுமந்து வந்த பையன்கள், கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்த டீக்கடைக்காரர், 108 வண்டியில் வந்தவர்கள், இரவு முழுக்கப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர் எல்லோருக்கும் கைகூப்புகிறேன். அன்றைய மீன்பாட்டுக்கு ஈடு கொடுக்கிறேன் என்றதும் அந்த அண்ணன்மார் கோபித்துக்கொண்டார்கள். மன்னித்துவிடுங்கள்.

பலகைக்கு அடியில் இருப்பது என்ன என்று பையன்கள் கேட்டார்கள், அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. அதற்கு ஃபாயில் என்று பெயர். ஒரு மீட்டருக்குப் பக்கமான தண்டு, அதன் நுனியில் விமானத்துக்கு இருப்பது போல இறக்கை. காற்று பாயில் பிடித்து வேகம் வந்ததும் இறக்கை பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும். அலை தட்டுகிற சத்தம் சட்டென்று அடங்கிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மர்சேய் கடலில் நடந்த பாய்ப் பலகைப் போட்டியைப் பார்த்து வந்த ஆசை இது. காற்று விழுந்தால் பலகையும் விழும். அன்று தரையிலிருந்து அடித்த கச்சான் காற்று என்னைக் கழிமுக வாய்க்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தளர்ந்தது. அமாவாசைக்கு மறுநாள், வற்றம், அதாவது கடல் தண்ணீர் வடிகிற ஓட்டம், பலமாக இழுக்கிற நேரம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், பலகையை விடவில்லை, அவ்வளவுதான் நான் சரியாகச் செய்தது.

பூம்புகாரைக் கடல் கொண்ட பிறகுதான் நம் நகரத்தார் ஆட்கள் உள்நாட்டுக்கு வந்து மேடாக வீடு கட்டினார்கள் என்று ஆத்தா சின்ன வயதிலிருந்து சொல்வார். அதே மக்கள் பின்னாளில் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் வீட்டுத் தேக்குத் தூணும் கடல் வழியாக வந்ததுதான். தண்ணீரை விடச் சொல்லி ஆத்தா கேட்கவில்லை. நானாக ஒன்று சொல்லியிருக்கிறேன்: ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று கரையில் இருக்கும் பெரியவர்களைக் கேட்காமல் இனி பாயைக் கட்ட மாட்டேன். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் நாளில், துணைக்கு வல்லம் இல்லாமல் இறங்கவும் மாட்டேன்.

அக்கா, அடுத்த ஞாயிறு ஆத்தாவைக் கூட்டி வருகிறேன். உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். மணகோலமும் மாவுருண்டையும் தூக்குவாளியில் போட்டு மூடி வைத்தாயிற்று.