ஸ்கோர் புத்தகங்களைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி

டர்பன்

அன்புள்ள அக்காமாருக்கும் ஆண்ட்டிமாருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணியின் வரலாற்றைத் தொகுக்க ஸ்கோர் புத்தகம், படம், ஜெர்சி என்று கொடுத்து உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 1961-இல் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று திறந்த கல்லூரி, 1972-இல் வெஸ்ட்வில்லுக்குப் போனது. 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசுலு-நட்டால் ஆனது. இடமும் பெயரும் மாறும்போது விளையாட்டுக் காகிதங்கள்தான் முதலில் தொலையும். அவை பிழைத்துக் கிடந்தது டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீட்டு அலமாரிகளில்.

ஸ்கோர் எழுதியவர்களுக்குத் தனி நன்றி. களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. '6-3' என்று அவர்கள் குறித்ததில், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்பவர், எண் 6) பந்தை எடுத்து முதல் பேஸுக்கு (எண் 3) எறிந்து அவுட் ஆக்கியது முழுக்க இருக்கிறது. பக்கம் சரியா என்று பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டம், பேஸில் நின்றுபோனவர், அவுட் மூன்றையும் கூட்டினால், பேட் பிடிக்க வந்த முறைகள் வரவேண்டும். 4 ஓட்டம், 6 பேர் நின்றது, ஏழு இன்னிங்ஸுக்கு 21 அவுட் என்றால் 31. குறைந்தால் ஒரு 'வாக்'கோ (நான்கு தவறான பந்துக்காக முதல் பேஸுக்கு நடந்துபோவது), மாற்று ஆட்டக்காரியின் வரியோ விட்டுப்போயிருக்கும். ஸ்ட்ரைக்-அவுட்டை (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவதை) மட்டும் இன்றைய ஆட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. பெண்களுக்குப் பிட்சிங் தூரம், அதாவது பந்து எறிபவர் நிற்கும் தூரம், அன்று 40 அடி, இன்று 43.

பெயர்கள்தான் பெரும் சிக்கல். 'கே. கோவெண்டர்' என்று ஒரே பக்கத்தில் இருவர் இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் நாயுடு, மற்றவர் பிள்ளை. ஜெர்சி எண்ணையும் நம்ப முடியாது, ஜெர்சி கைமாறும். ஆண்டு, களத்தில் நின்று ஆடிய இடம், பேட்டிங் வரிசை மூன்றும் பொருந்தினால்தான் பெயரை எழுதினோம். இதற்காகத் தங்கை, நாத்தனார் என்று ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டுச் சொன்ன ஆண்ட்டிமார் இல்லாவிட்டால் பாதிப் பேர் வெறும் எழுத்தாகவே நின்றிருப்பார்கள்.

ஆல்பத்தைப் பிரிக்காமல் அப்படியே தந்தவர்களுக்கும் நன்றி. பசை ஆல்பத்தில் படம் தாளோடு ஒட்டிவிடும். டர்பன் ஈரத்தில் இன்னும் இறுகும். இழுத்தால் படத்தின் மேல்பூச்சு கிழியும். அதனால் ஆல்பத்தோடு வைத்தே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தோம். தனிப் படங்களின் பின்னால் மெல்லிய பென்சிலால் மட்டும் பெயர் எழுதியிருக்கிறோம். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், தயவுசெய்து நீங்களும் பால்பாயின்ட்டைத் தொடாதீர்கள்.

எல்லாம் வந்த வரிசையிலேயே திரும்பி வரும். ஒரு குழுப் படத்தில் இடது ஓரம் முட்டி போட்டிருக்கும் கேட்சர் மாஸ்க்கைக் கழற்றவில்லை. அவர் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. இடது முழங்கால் பேடில் வார் அறுந்து, கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றை யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
வரலாற்றுத் தொகுப்புக் குழு