‘மூடநம்பிக்கை’ என்ற ஒரு சொல் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகி, ‘கட்டியில் ஊசி போட்டு சதை எடுத்தால் புற்று பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா?’ என்று கேட்டிருந்தார். ‘இல்லை, அது மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பதில் சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என் அக்காவிடம் நான் என்ன பேசுவது?

அக்காவுக்கு 68 வயது. இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி இருப்பதை ஆடி மாதம் சொன்னாள். ஊசி டெஸ்டுக்குச் சம்மதித்தது மாசியில். ‘கத்தி படாத வரைக்கும் அது தூங்கிட்டுக் கிடக்கும்’ என்பது அவள் கட்சி. கார்த்திகையிலேயே இடுப்பு வலி வந்தது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். ஊசி போட்ட பத்தாம் நாள் எடுத்த ஸ்கேனில் இடுப்பெலும்பில் தெரிந்தது. ‘பாத்தியா, குத்துனாங்க, எலும்புக்கு இறங்கிருச்சு’ என்றாள். கார்த்திகை முந்தியா, மாசி முந்தியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 31 வருடம் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான்.

பதினோராம் வகுப்பில், வெள்ளையணுக்கள் புண்ணைத் தேடிப் போகும் பாடம் வரும்போது ஒரு விளையாட்டு வைப்பேன். ஒரு பையனின் கண்ணைக் கட்டிவிட்டு, மூலையில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி, கண்டுபிடி என்பேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி மோந்து, மணம் கூடுகிற பக்கமாக அடியெடுத்து வைத்து, பெஞ்சில் முட்டிக்கொண்டாவது போய்ச் சேர்ந்துவிடுவான். பிறகு நாலு மூலையிலும் ஏற்றி வைப்பேன். நின்ற இடத்திலேயே சுற்றுவான். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால்தானே வழி தெரியும்? (வகுப்பில் என்ன பூஜை என்று தலைமையாசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.)

செல்களுக்கு ஊதுபத்தி, கீமோகைன் எனப்படும் சின்னஞ்சிறு புரதங்கள். ‘கீமோ’ சிகிச்சைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. 70, 80 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அளவுதான் ஒவ்வொன்றும். செல்லின் மேல் இருக்கும் ஏற்பிதான் மூக்கு. புரதம் வந்து ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே சேதி போகிறது. ராக் என்ற இன்னொரு சிறு புரதம் முன்பக்கத்துச் சவ்வைத் தள்ளிக் கால் நீட்ட வைக்கிறது. ரோ என்பது பின்பக்கத்தைச் சுருக்கி இழுக்கிறது. வெள்ளையணு இப்படித்தான் நகர்கிறது. புற்றுச் செல்லும் இதே வித்தையைத்தான் எடுத்துக்கொள்கிறது.

1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். கல்லீரலுக்குப் பரவியது 241 பேருக்கு, மண்ணீரலுக்கு வெறும் 17 பேருக்கு. ரத்தம் என்னவோ இரண்டுக்கும்தான் போகிறது. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். மண்ணில் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது பிடிபட 2001 ஆயிற்று. மார்பகப் புற்றுச் செல்கள் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பியை ஏராளமாக வைத்திருக்கின்றன என்று அந்த வருடம் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பொருந்தும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் மிகுதியாக இருக்கும் இடங்கள் நெறி (நிணநீர்க் கணு), நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. மார்பகப் புற்று வழக்கமாகப் போய் இறங்கும் இடங்களும் இவைதான். எலிகளில் இந்த இரண்டும் சேரவிடாமல் தடுத்தபோது நெறிக்கும் நுரையீரலுக்கும் பரவுவது குறைந்தது.

மஜ்ஜை இந்தக் கீமோகைனைச் சுரப்பது, ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களைத் தன்னிடம் பிடித்து வைக்க. அவற்றிலும் அதே சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி இருக்கிறது. பிளெரிக்சாஃபர் என்ற மருந்தால் ஏற்பியை அடைத்தால் அவை ரத்தத்துக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கும் மூலச் செல்களைச் சேகரிக்க அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கொடுத்தார்கள். மார்பகப் புற்று பரவாமல் தடுக்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை. யாரும் மெடிக்கலில் போய்க் கேட்க வேண்டாம்.

ஊசி போன தடத்தில் ஒன்றிரண்டு செல்கள் ஒட்டுவது உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் அப்படி ஒட்டிய செல் பத்து நாளில் இடுப்பெலும்பில் கட்டியாகாது. கட்டியை விட்டுக் கிளம்பி, ரத்தக் குழாய்க்குள் புகுந்து, வழியிலேயே பெரும்பாலானவை செத்து, மிஞ்சியது மஜ்ஜையில் ஒதுங்கி, ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு வளர மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். அக்கா அந்தப் புளியங்கொட்டையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கூட அது கிளம்பியிருக்கலாம். ‘ஏழு மாசம் நீ இழுத்தடிச்சதுதான் காரணம்’ என்று நான் அவளிடம் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வாசகிக்கு முழுப் பதில் ஒன்று, முடிந்தால் படத்தோடு, அடுத்த ஞாயிறு போடுங்கள். அக்காவுக்குச் சிகிச்சை நடக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பத்திரிகையை நான் வாசிக்கக் கேட்பாள். படம் என்றால் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வாங்கிப் பார்ப்பாள். எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், சங்கரன்கோவில்