மங்கலாக்கியது உடம்பை மட்டுமா?

எங்கள் திரைப்படச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் கிரீனவேயின் ‘தி பில்லோ புக்’ (1996) போட்டீர்கள். பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகக் காத்திருந்த படம். ஆனால் ஆணோ பெண்ணோ, உடையில்லாமல் யார் வந்தாலும் இடுப்புக்குக் கீழே ஒரு மங்கல் திட்டு கூடவே நகர்ந்தது. பாதிப் படம் அந்தத் திட்டைத்தான் பார்த்தேன்.

நிர்வாணம் வேண்டும் என்று சண்டைக்கு வரவில்லை. இந்தப் படத்தில் உடம்புதான் காகிதம். சிறுமி நாகிகோவின் பிறந்தநாளுக்கு அப்பா தூரிகையை மையில் தோய்த்து அவள் முகத்தில் வாழ்த்து எழுதுவாரே, எல்லாம் அங்கே தொடங்குகிறது. அவருடைய புத்தகங்களைப் போட்ட பதிப்பாளர் அதற்கு விலையாகக் கேட்டதும் அவர் உடம்பைத்தான். வளர்ந்த மகள் பழிதீர்க்கத் தூரிகையை எடுக்கிறாள். பதிமூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆணின் உடம்பில். எழுதிய ஆட்களையே அந்தப் பதிப்பாளரிடம் அனுப்புகிறாள். ஒருவனுக்கு நாக்கில் எழுத்து. பதிமூன்றாவதாக வருபவன் பதிப்பாளரின் உயிரையே எடுக்கிறான்.

ஜப்பானிய வரி மேலிருந்து கீழே இறங்கும். தோளில் தொடங்கி வயிறு வழியாகத் தொடைக்குப் போகும் வரியை நடுவில் அழித்துவிட்டீர்கள். நமக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதுதான். எங்கே முடிகிறது என்று பார்க்கவாவது விட்டிருக்கலாம்.

அப்புறம் ஒன்று. காதலன் ஜெரோம் இறந்ததும் அவன் உடம்பிலும் எழுதித்தான் அடக்கம் செய்கிறாள். பதிப்பாளர் புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, தோலை உரித்து, மடித்துப் புத்தகமாக்குகிறார். அந்தக் காட்சிக்கு மட்டும் மங்கலே இல்லை! தோலை உரிப்பதைக் காட்டலாம், தோலைக் காட்டக் கூடாது என்றால், இது என்ன கணக்கு?

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புத்தகங்களை ஒவ்வொன்றாக எண்ணும் கடைசிப் பகுதி கொஞ்சம் இழுக்கிறது. அது கிரீனவேயின் பிழை, அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

குடும்பத்தோடு வருகிறார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். சரி, நியாயம்தான். அறிவிப்பில் ‘18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்’ என்று போடுங்கள், வாசலில் அடையாள அட்டை பாருங்கள். அதுவும் முடியாது என்றால் வேறு படம் போடுங்கள். முழுப் படத்தையும் இன்னொரு நாள் காட்ட முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்பேன். சந்தாவையும் அன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் வரிசை உறுப்பினர்