மன உறுதி மட்டும் போதும் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயிலிருந்து மீண்ட பிரபலங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், மன உறுதி மட்டும் இருந்தால் எந்தப் புற்றுநோயையும் வென்றுவிடலாம் என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நானும் மீண்டவள்தான். மார்பகப் புற்றுநோய். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறேன். மன உறுதி இருந்ததா என்று கேட்டால், பாதி நாள் இல்லை. முதல் கீமோ ஏறிய அன்று ராத்திரி, "என்னை ஊருக்கு அனுப்பிடுங்க" என்று அழுதவள் நான்.

பக்கத்துக் கட்டிலில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வார்டுக்கே தைரியம் சொன்னவள். "என் பொண்ணு பத்தாவது முடிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்பாள். அந்தப் பரீட்சை வருவதற்குள் போய்விட்டாள். உங்கள் கட்டுரைப்படி அவளுக்கு மன உறுதி போதவில்லை என்றல்லவா ஆகிறது? அந்தப் பெண் குழந்தை கையில் இந்த இதழ் கிடைத்தால் என்ன நினைக்கும்? இதை யாரும் யோசிக்கவில்லையா, ஐயா?

என்னைப் பிழைக்க வைத்தது மருந்து. அந்த மருந்தைத் தாங்க வைத்தவர்கள் மனிதர்கள். நரம்பு கிடைக்காமல் என் கை வீங்கிக் கிடந்தபோது, இன்னொரு முறை குத்தாமல், வெந்நீரில் நனைத்த துணியை என் கையில் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் ஒரு நர்ஸ். நரம்பு மேலே வந்த பிறகுதான் ஊசியைத் தொட்டார். சிவப்பு மருந்து ஏற்றும்போது, "நாளைக்குச் சிறுநீர் சிவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துடாதீங்கம்மா" என்று முன்கூட்டியே சொன்னதும் அவர்தான். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பயத்திலேயே பாதி செத்திருப்பேன். வாந்தி எடுத்த பேசினை முகம் சுளிக்காமல் வாங்கிப் போன ஆயாம்மா, "இது மருந்தால வர்றதும்மா, சரியாயிடும்" என்று என் முதுகைத் தடவிவிட்டார். என் சொந்தத்தில் எனக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். இது தொட்டால் ஒட்டும் நோயல்ல என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு அந்த அம்மாவின் கை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கதிர்வீச்சு அறையில் மேலாடையில்லாமல் படுக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த சின்னப் பெண், மற்றவர்கள் உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு துணியால் என்னைப் போர்த்தி, வேண்டிய இடத்தை மட்டும் விலக்குவாள். கதவைச் சாத்திய பிறகு மைக்கில், "நாங்க இங்கேயேதான் பார்த்துக்கிட்டு இருக்கோம்மா" என்று குரல் கொடுப்பாள். ஒரு நாள்கூட மறந்ததில்லை.

இவர்களில் ஒருவராவது உங்கள் கட்டுரையில் உண்டா? வென்றவரின் படம் முழுப் பக்கம். பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. மே 12 வந்தால் மட்டும் செவிலியர் தினம் என்று விளக்கேற்றும் படம் போடுகிறீர்கள். 2017-ல் அரசு ஒப்பந்த செவிலியர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, நோயாளிகள் அவதி என்றுதான் உங்கள் தலைப்பு இருந்தது. 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அவர்கள் என்பது உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். போடவில்லை. அது போகட்டும்.

தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு மருத்துவமனைக்காக அலைந்தார், 1954-ல் 12 படுக்கைகளோடு அது ஆரம்பித்தது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்ததும் நீங்கள் அறிந்ததுதான். அவர் மறைந்தபோது அருமையாக ஒரு தலையங்கம் எழுதினீர்கள். அதை வெட்டி வைத்திருக்கிறேன். அதே பத்திரிகையில்தான் இந்த வரியும் வந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

அப்புறம், அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே, புற்றுநோயை வேரோடு குணப்படுத்தும் சூரணம் என்று ஒரு விளம்பரம். மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டமும் 1954-ல் வந்ததுதான். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று அதில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கட்டியைக் கண்டுபிடித்த பிறகும் இந்த மாதிரி சூரணத்தை நம்பி மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு, நோய் எலும்புக்குப் போன பிறகு வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்த விளம்பரத்தை எங்கே பார்த்தார்களோ.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள். அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டி ரயில் சலுகையைப் போடுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்து எழும்பூருக்கு நான் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போய்க்கொண்டிருந்தேன். இப்படி ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவரும் அந்த ஆயாம்மாதான்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
விருத்தாசலம்